பதினேழு டிக்குகள்

பத்து இருபத்திரண்டு, இன்னும் முப்பத்தெட்டு நிமிஷம் இருக்கிறது, போதும், தாராளமாகப் போதும் என்று நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள் மங்கையர்க்கரசி, உட்கார்ந்த வேகத்தில் முட்டி மேஜைக்காலில் நங்கென்று இடித்தது, இடிக்கட்டும், இன்றைக்கு எது இடித்தாலும் வலிக்கப்போவதில்லை, பதினொன்றுக்குப் பரீட்சை. நாற்பத்தோரு வயதில் பரீட்சை! சென்னையில் ஒரு கல்லூரி, காது கேளாத பிள்ளைகளும் படிக்கிற கல்லூரி, அங்கே வாத்தியார் பேசப் பேச அந்தப் பேச்சு எழுத்தாகி அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் திரையில் ஓட வேண்டும், அதைத் தட்டச்சு செய்ய ஆள் வேண்டும், வீட்டிலிருந்தபடியே செய்யலாம், இந்தப் பாளையங்கோட்டை வீட்டின் இந்த ஜன்னலோர மேஜையிலிருந்தே செய்யலாம். பதினொன்றுக்கு யாரோ ஒருத்தர் பத்து நிமிஷம் பேசுவார், கேட்கக் கேட்க அடிக்க வேண்டும், பதினொன்று ஐந்துக்குக் கதவைச் சாத்திவிடுவார்களாம், அவ்வளவுதான் பரீட்சை. விரல் தயார். ‘யளனகப’ என்று தட்டச்சுப் பள்ளியில் முதல் நாள் அடித்ததிலிருந்து இன்றுவரை அந்த விரல்கள் எதையும் மறக்கவில்லை, சாம்பாரைக் கிளறும்போதுகூடக் கரண்டிப் பிடியில் டைப் அடித்துப் பழகிய விரல்கள். தயாராக இல்லாதது இந்தப் பெட்டி ஒன்றுதான். நேற்று ஒத்திகை பார்க்க ‘வணக்கம்’ என்று அடித்தாள், திரையில் ஒன்றுமே இல்லை, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணி முடித்த பிறகு சாவகாசமாக ஒரு ‘வ’ வந்தது, அப்புறம் போனால் போகிறதென்று ஒரு ‘ண’ வந்தது. இப்படி வணக்கம் வந்து சேர்வதற்குள் அங்கே வாத்தியார் பாடத்தை முடித்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்.

பாவம், பெட்டியையும் குறை சொல்ல முடியாது, பொத்தானை அமுக்கினால் அது எழுந்து உட்கார்வதற்கு முன்னாலேயே அதன் தலையில் பதினேழு பேர் ஏறிக்கொள்கிறார்கள், யாரும் கூப்பிடாமலே. சங்கு ஊதிக்கொண்டு பஞ்சாங்கம் வரும், இன்றைய ராகுகாலம் என்று உரக்கச் சொல்லும். மகள் மதுவந்தியின் பாட்டுப்பெட்டி வரும். பிரிண்டருக்கு உண்டான ஒன்று வரும், வந்து ‘பிரிண்டரைக் காணவில்லை’ என்று எழுதிக் காட்டும், எங்கிருந்து காண, பிரிண்டர் செத்து நாலு வருஷம் ஆகிறது, பழைய இரும்புக்காரன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான், இது மட்டும் தினமும் காலையில் எழுந்து அதைத் தேடுகிறது. இத்தனைக்கும் காரணம் யார் என்றால் சிதம்பரநாதன், மங்கையின் மாமனார், முப்பத்தோரு வருஷம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவர். விண்ணப்பத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அவருக்குத் தொண்டையில் முள் மாட்டின மாதிரி. “காலிக் கட்டம் விட்டா காகிதம் திரும்பி வந்துரும்மா, என் அனுபவத்தில எத்தனை பாத்திருக்கேன்” என்பார். பேத்தியின் பள்ளிக்கூட விண்ணப்பத்தில் ‘முன்பு படித்த பள்ளி’ என்ற இடத்தில், மூன்றரை வயதுப் பிள்ளைக்கு, ‘கேள்வி எழவில்லை’ என்று எழுதி அடியில் கோடும் போட்டவர். அந்தக் கையோடு கம்ப்யூட்டருக்கும் வந்தார். எதை இறக்கினாலும் கடைசியில் அது பணிவாகக் கேட்கும், கணினி திறக்கும்போது நானும் தானாகத் திறந்துகொள்ளட்டுமா என்று, பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம், காலியாக. விடுவாரா? டிக். அவர் மட்டுமா, பதினாறு வருஷம் அவரோடு ஒரே வீட்டில் இருந்ததில் மங்கைக்கும் கை அப்படியே வந்துவிட்டது, அந்தப் பஞ்சாங்கத்துக்கு டிக் போட்டவள் அவள்தான், நிஜத்தைச் சொல்ல வேண்டுமே.

காலையில் மதுவந்தி ஷூ மாட்டிக்கொண்டே வழி சொன்னாள். “கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப், மூணையும் சேத்து அமுக்கும்மா, டாஸ்க் மேனேஜர் வரும், அதுல ஸ்டார்ட்அப்னு இருக்கும், தேவையில்லாததை டிஸேபிள் பண்ணிரு, தேவையானதை மட்டும் தொட்டுராத.” எது தேவையானது என்று கேட்பதற்குள் ஸ்கூல் பஸ் ஹாரன் அடித்துவிட்டது, “பாத்தா தெரியும்மா!” என்று கத்திக்கொண்டே ஓடினாள். மூன்று விரலையும் சேர்த்து அமுக்கினாள் மங்கை. வந்தது! அம்மாடி, எவ்வளவு பெரிய பட்டியல், வரிசையாக எல்லாருக்கும் நேராக ‘எனேபிள்ட்’, ‘எனேபிள்ட்’, பந்தியில் உட்கார்ந்த சம்பந்தி வீட்டார் மாதிரி ஒருத்தரும் அசையாமல் இருக்கிறார்கள். முதலில் யார், பிரிண்டர், நீ வா ராசா, உன்னோடு எனக்கு நாலு வருஷப் பகை, வலப்பக்கம் சொடுக்கி டிஸேபிள் அமுக்கினாள், ‘டிஸேபிள்ட்’ என்று மாறியது, அடடா, என்ன சுகம் இது, இவ்வளவு சுலபமா, தேட வேண்டாம் போ, இனிமேல் நிம்மதியாகத் தூங்கு. பஞ்சாங்கம், மன்னிச்சுக்கோ, இன்றைக்கு எனக்கு ராகுகாலம் எது என்று தெரியாமல் இருப்பதுதான் நல்லது, டிஸேபிள். பாட்டுப்பெட்டி, டிஸேபிள். கணவர் ரவீந்திரன் எப்போதோ இறக்கிய கிரிக்கெட் ஸ்கோர், டிஸேபிள், அவரிடம் பரீட்சையைச் சொன்னபோது “எழுது மங்கை, அப்பாகிட்ட அப்புறமா மெதுவாச் சொல்லிக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் பம்புசெட் கடைக்குப் போய்விட்டார், அந்த அப்புறம் பத்து நாளாக வரவில்லை, ஸ்கோர் மட்டும் வேண்டுமாக்கும். ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒரு குறுகுறுப்பு ஏறியது, பல்லாங்குழியில் காய் அள்ளுகிற மாதிரி கை பரபரத்தது, ஆறு, ஏழு, எட்டு. எதையோ மறந்துவிட்டோமே. அடுப்பு அணைத்தாயிற்று. பால் எடுத்து வைத்தாயிற்று. எதையோ. இதோ பார், இப்படித்தான், மண்டைக்குள்ளும் எவளோ ஒருத்தி டிக் போட்டு வைத்திருக்கிறாள், கண் விழித்ததும் கூப்பிடாமலே எல்லாம் திறந்துகொள்கிறது, கொத்தமல்லி இருக்கிறதா, மாமாவின் பிரஷர் மாத்திரை தீரப்போகிறதே, வேலைக்காரி லீவா, இவற்றையெல்லாம் எந்த மூன்று விரலை அமுக்கி நிறுத்துவது, போங்கள் எல்லாரும், பதினொன்று பத்துக்கு வாங்கள். ஒன்பது, பத்து. பத்து முப்பத்தொன்று ஆகிவிட்டது.

பதினொன்றாவதில் கை நின்றது. வீடியோ காலுக்கு உண்டானது, மாமாவினுடையது. தினமும் சரியாகப் பதினொன்றுக்கு, நூலகத்தில் பேப்பர் எல்லாம் படித்து முடித்து வந்து, செருப்பைக் கழற்றி, கால் கழுவி, இந்த நாற்காலியில்தான் உட்காருவார், பதிவுத் துறையில் ஓய்வு பெற்ற ஏழு பேர் கம்ப்யூட்டரில் கூடுவார்கள், ஒருத்தருக்கொருத்தர் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டுக்கொள்வார்கள், அது தானாகத் திறப்பதில் அவருக்கு அத்தனை பெருமை, “பாத்தியா, நான் தொடவே இல்லை” என்பார். இன்றைக்கு வந்து நிற்பார், அவரிடம் என்ன சொல்வது, நெட் வரவில்லை என்று சொல்வது, பொய்யைக் காலையிலேயே தயாராக எடுத்து வைத்துவிட்டாள், அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, நெட் வரலை மாமா, நான் சரிபண்ணிட்டிருக்கேன், அவ்வளவுதான். ஏன் பொய், வேலைக்குப் போகக் கூடாது என்று அவர் என்ன கத்தியா எடுத்தார்? இல்லை. அதுதான் கஷ்டம். கத்தியிருந்தால் எப்போதோ சண்டை போட்டிருக்கலாம். கல்யாணம் நிச்சயமான மாதத்தில் இவள் சென்னையில் ஒரு பதிப்பகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள், நாலு வருஷ வேலை, தடித்தடிப் புத்தகங்கள் அவள் விரல் வழியாகப் போயிருந்தன, இவர் பெண்வீட்டுக்கு வந்தபோது சிரித்த முகமாகத்தான் சொன்னார், “அங்க இருந்துக்கிட்டு எதுக்கும்மா சிரமப்படணும், முறையா எழுதிக் குடுத்திட்டு வந்துரு” என்று. எழுதத் தெரியவில்லை என்று தயங்கினாள், அதற்கென்ன நான் சொல்கிறேன் என்று நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார், அப்பாவின் பழைய தட்டச்சுப் பொறியில் இவள் உட்கார்ந்தாள், ‘பொருள்: பணியிலிருந்து விலகுதல், தொடர்பாக’ என்று ஆரம்பித்து அவர் சொல்லச் சொல்ல இவள் அடித்தாள், அவர் வாய் மூடுவதற்குள் வரி காகிதத்தில் இருந்தது. “அடேயப்பா, என்னா வேகம்!” என்று வாயாரப் பாராட்டினார். ராஜினாமாக் கடிதத்துக்குப் பாராட்டு வாங்கினவள் ஊரிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். அந்தப் பாராட்டில் இவளுக்குச் சந்தோஷம் வேறு வந்து தொலைத்தது. இப்போது பரீட்சைக்கு விண்ணப்பம் போட்டபோது இருபத்துமூன்று கட்டங்கள், இருபத்திரண்டை நிரப்பிவிட்டாள், ஒன்றில் மட்டும் மூன்று நாள் மாட்டிக்கொண்டாள்: ‘வேலையில் இடைவெளி இருந்தால், காரணம்.’ குடும்பச் சூழ்நிலை என்று அடித்தாள், அழித்தாள், குழந்தை வளர்ப்பு என்று அடித்தாள், அதுவும் பொய், வேலையை விட்டு இரண்டு வருஷம் கழித்துத்தான் மதுவந்தி பிறந்தாள், அழித்தாள், சொந்த விருப்பம் என்று அடித்துவிட்டுச் சட்டென்று கோபம் வந்து அழித்தாள். கட்டாயமில்லை என்று பக்கத்தில் போட்டிருந்தது. வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு அனுப்பினாள். டிஸேபிள்.

அப்பா, அதைச் செய்த பிறகு மீதியெல்லாம் சரசரவென்று போயிற்று, பன்னிரண்டு, பதின்மூன்று, யாரோ கல்யாண ஆல்பத்தோடு கொடுத்த படம் காட்டுவது, கடைசியில் ஒரே ஒன்று, கே.எம்.நாலு என்று இங்கிலீஷில் இரண்டு எழுத்தும் ஒரு எண்ணும், யார் நீ, உன்னை எனக்குத் தெரியாதே, பார்த்தால் தெரியும் என்றாள் மகள், பார்க்கிறேன், தெரியவில்லை, தெரியாதவனுக்கு என் வீட்டில் என்ன வேலை, டிஸேபிள். பதினேழும் காலி! ரீஸ்டார்ட் அமுக்கிவிட்டுச் சுவர்க்கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்தாள், வழக்கமாகப் பதினொரு நிமிஷம், பால் காய்ச்சி, காபி போட்டு, குடித்து, தம்ளரைக் கழுவி வைத்தாலும் சுற்றிக்கொண்டிருக்கும், இப்போது திரை கறுத்தது, முள் பத்தைத் தாண்டியது, இருபதைத் தாண்டியது, முப்பது, முப்பத்தெட்டு, டிங்! வந்துவிட்டது! சங்கு இல்லை, ராகுகாலம் இல்லை, பிரிண்டரைத் தேடுகிற அழுகை இல்லை, நீலத்திரை துடைத்து மெழுகிவிட்ட தரையாகக் கிடக்கிறது, அடி சக்கை என்று வாய்விட்டே சொன்னாள், எழுந்து ஒரு சுற்றுச் சுற்றினாள், யாரும் பார்க்கவில்லை, பார்த்தால்தான் என்ன. பிரௌசரைத் தொட்டதும் திறந்தது, பரீட்சைப் பக்கம் திறந்தது, ‘சி. மங்கையர்க்கரசி’ என்று பெயர் மேலே, கீழே நிரப்பின கட்டங்கள் எல்லாம், அந்த ஒரு காலிக் கட்டம் மட்டும் மஞ்சளாக, இதை இப்போதும் நிரப்பலாம் என்று சொல்லிக்கொண்டு, அதற்கும் கீழே ‘விசைப்பலகையைச் சோதித்துப் பாருங்கள்’ என்று ஒரு இடம். இதோ பார் என் வேகத்தை. வணக்கம் என்று அடித்தாள். அடித்த நொடியில் வந்தது, என்ன வந்தது, ஒரு டி, ஒரு இஸட், ஒரு எஃப், ஒரு அரைப்புள்ளி, இன்னொரு எஃப். மறுபடி அடித்தாள், அதே டி, அதே இஸட். தமிழைக் காணோம்.

தமிழே போய்விட்டது, ஐயோ, பார்த்தால் தெரியும் என்றாளே, தமிழ் எழுத்தை வரவைக்கிற ஒன்று அந்தப் பதினேழில் உட்கார்ந்திருந்திருக்கிறது, தினமும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து தன் பாட்டுக்கு வேலை செய்தது, அதையும் சேர்த்துக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டேனே பாவி. எது அது? பட்டியலைத் திறந்தாள், பதினேழும் டிஸேபிள்ட் டிஸேபிள்ட் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றன, பதற்றத்தில் ஒரு பெயரும் மண்டையில் ஏறவில்லை, எல்லாவற்றுக்கும் மறுபடி டிக் போட்டுத் திரும்பத் திறந்தால் பதினொரு நிமிஷம், பதினொன்றுக்குள் வந்தாலும் வரலாம், வந்தால் மறுபடி ஒன்று இரண்டு மூன்று நான்கு, பழைய கதைதான். இப்போது பத்து நாற்பத்தேழு. ரவீந்திரனுக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை, எதிரில் மோட்டார் ஓடினால் அந்தக் கடையில் எந்தப் போனும் கேட்காது. மதுவந்தி வகுப்பில் இருப்பாள். உள்ளங்கை வேர்த்தது, புடவையில் துடைத்தாள், மறுபடி வேர்த்தது, இதுக்குத்தானா இத்தனை ஆட்டம், சுற்றுச் சுற்றினாயே, இன்னும் சுற்று, பதினாறு வருஷம் கழித்து ஒரு கதவு, அதையும் உன் கையாலேயே சாத்திக்கொண்டாய், ராஜினாமாவையும் நீயே டைப் அடித்தாய், இதையும் நீயே அமுக்கினாய். எதையோ மறந்துவிட்டோமே, சீ, இப்போது அதுவா முக்கியம். வெளியே கேட்டின் கொக்கி சத்தம் கேட்டது. பத்து ஐம்பத்திரண்டு.

“ஏம்மா மங்கை, மோட்டாரைப் போட்டுட்டு மறந்துட்டியா, தொட்டி வழிஞ்சு தெருவே ஆறா ஓடுதே!” சிதம்பரநாதன் குரல் முதலில் வந்தது, மோட்டார் நிற்கிற சத்தம் வந்தது, அப்புறம் கால் கழுவுகிற சத்தம், அப்புறம் சாத்தியிருந்த அறைக்கதவைத் தள்ளிக்கொண்டு அவரே வந்து நின்றார், கையில் மூக்குக்கண்ணாடிக் கூடு. நெட் வரலை மாமா, இதைத்தானே சொல்ல வேண்டும், தயாராக இருந்த பொய் நாக்கு நுனிவரைக்கும் வந்தது, ஆனால் இந்த வீட்டில் அந்தக் கம்ப்யூட்டரில் ஓய்வு பெற்றவர்கள் சங்கத்துக் கடிதங்களைத் தமிழில் அடிக்கிறவர் இன்னொருத்தர் யார், அந்தத் தமிழை முதலில் இறக்கியவர் யார், அதற்குப் பெயர் தெரிந்தவர் உலகத்தில் இந்த நிமிஷத்தில் ஒரே ஒருத்தர்தான் இருக்கிறார், பொய் சொன்னால் பெயரைக் கேட்க முடியாது, பெயரைக் கேட்டால் பொய் சொல்ல முடியாது.

“மாமா, பதினொரு மணிக்கு எனக்குப் பரீட்சை. வேலைக்கு. சென்னையில, வீட்ல இருந்தே செய்யலாம். உங்ககிட்ட சொல்லலை. எல்லாத்தையும் நிறுத்தினேன், தமிழும் நின்னுபோச்சு. அதுக்குப் பேரென்ன மாமா?” ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள், தான் சொன்னது தன் காதிலேயே விழவில்லை.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்கு அருகில் குனிந்தார், பெயரைப் படித்தார், கட்டங்களைப் படிக்க ஆரம்பித்தார், அந்த மனுஷருக்கு எதைப் படித்தாலும் முதல் வரியிலிருந்துதான் படிக்க வேண்டும், தந்தை பெயர், கல்வி, தட்டச்சு உயர்நிலை முதல் வகுப்பு, நாலு வருஷம் பதிப்பகம், மங்கைக்கு அவர் கையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது, பத்து ஐம்பத்தைந்து மாமா, மாமா. மஞ்சள் கட்டத்தில் வந்து கண் நின்றது.

“இது காலியா இருக்கே.”

“அது இருக்கட்டும் மாமா. பேரைச் சொல்லுங்க.”

இருக்கட்டும் என்று அவரிடம் இதுவரை அவள் சொன்னதில்லை, இரண்டு பேருக்குமே அது தெரிந்தது. “கே.எம். நாலு” என்றார் அவர், “கன்னி மேரி தட்டச்சுக் கூடத்துப் பையன் ஒருத்தன் போட்டுக்குடுத்தது. ஸ்டார்ட்ல போய்த் தேடு.” அடப்பாவி, தெரியாதவன் என்று தள்ளினேனே அவனேதான்! தேடினாள், வந்தது, சொடுக்கினாள், திரையின் அடிமூலையில் ஒரு குட்டி ‘அ’ எட்டிப் பார்த்தது, இத்தனை வருஷம் அங்கேயே இருந்திருக்கிறது, ஒருநாள்கூட அதைப் பார்த்ததில்லை, இப்போது அதைப் பார்த்துக் கண் கலங்குகிறது, என்ன பைத்தியக்காரத்தனம். பத்து ஐம்பத்தேழு. மாமா நகரவில்லை. மஞ்சள் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காலிக் கட்டத்தை விட்டுவிட்டு அவரால் அறையைத் தாண்ட முடியாது என்று அவளுக்குத் தெரியும், எரிச்சல் வந்தது, பொருந்தாது என்று போடச் சொல்லப்போகிறார், எழவில்லை என்று போடச் சொல்லப்போகிறார், சொல்லட்டும், இன்றைக்கு மட்டும் அடிக்கப்போவதில்லை.

“அடி” என்றார். குரல் அன்றைக்கு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு சொன்ன அதே குரல்தான், கொஞ்சம் கரகரத்திருந்தது. “வேலையில் இடைவெளி, காரணம்... வீட்டார்.”

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை, கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்துக்கொண்டிருந்தார், துடைத்ததையே மறுபடி துடைத்தார். “நாங்கதானேம்மா, வேற யாரு? உள்ளதை எழுதினா எந்தக் காகிதமும் திரும்பி வராது.” மங்கையின் விரல்கள் அவளைக் கேட்காமலே இறங்கின, வீட்டார், ஒரு எண்ணிக்கையும் இல்லை, ஒன்று என்று ஆரம்பிக்கக்கூட நேரம் இல்லை, அவர் வாய் மூடுவதற்குள் நாலு எழுத்தும் மஞ்சள் கட்டத்தில் கறுப்பாக, முழுசாக, தமிழாக நின்றன. அவர் குனிந்து ஒருதடவை படித்துப் பார்த்தார். “அடேயப்பா” என்றார், வேகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனார்.

கூடத்திலிருந்து அவர் போனில் பேசுவது கேட்டது, ஏழு பேரில் யாரையோ கூப்பிட்டிருக்கிறார், “இன்னைக்குக் கூட்டம் இல்ல வேலாயுதம், எல்லார்ட்டயும் சொல்லிரு. மருமகளுக்குக் கம்ப்யூட்டர்ல வேலை இருக்கு. ஆமா, வேலைதான். சத்தம் போடாத, வையி.” மங்கை முதுகை நிமிர்த்தினாள், யளனகப மேல் விரல்களை வைத்தாள், மண்டைக்குள் கொத்தமல்லி இல்லை, மோட்டார் இல்லை, மாத்திரை இல்லை, ஒருத்தரும் இல்லை, அவள் மட்டும் இருந்தாள். பதினொன்று. ஸ்பீக்கரில் யாரோ ஒரு பெண் தொண்டையைச் செருமிக்கொண்டு, “வணக்கம், நான் பேசுவது கேட்கிறதா?” என்றாள், அவள் கேட்டு முடிக்கும்போது அது திரையில் எழுத்தாக இருந்தது.